சேரநாடும் கேரளமும்: மாணவர் எழுப்பும் வினாக்கள் சில

பதிற்றுப்பத்தினையும் சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தினையும் முதுகலை வகுப்பிற் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் ஆண்டுதோறும் ஒரே வகையான வினாக்களைக் கேட்டு வருவர். சேரநாடு என்பது இன்றைய கேரளந்தானா? வஞ்சி எவ்விடத்தது? சேரர் மருமக்கள் தாயத்தினரா? மலையாளம் தமிழினின்றும் எப்பொழுது பிரிந்தது? அந்நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர்? இவ்வினாக்களுக்கு யானும் பல்லாண்டுகளாக விடை கூறி வந்துள்ளேன். அவ்விடைகளுட் சில பொருந்தாதவை என்பதனைப் பின்னரே உணர்ந்தேன். மலைக்கு மேற்கேயுள்ள நிலத்தினைக் காணாது, நூல் வழியாக மட்டும் அதனை அறிந்து பாடம் சொன்னமையே அப்பிழைக்குக் காரணமாகும்.

மாணவரிடையே இருவகை மனப்போக்கு உண்டு. கேரளம் நாம் இழந்த நாடு, மலையாளம் சிதைந்த தமிழ் என எண்ணுவார் ஒருசாரார். மலைக்கு அப்பாலுள்ளது அயல்நாடு, தமிழ் பயில்வார்க்கு அதனால் ஆவதொன்றில்லை என எண்ணுவார் மற்றொரு சாரார். இவ்விரு போக்கும் சங்க நூல்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அரசியற் செய்திக்குரிய நிலத்தினை நம் கண்ணினின்றும் மறைத்து விடுகின்றன. ஆதலின், வகுப்பில் அடிக்கடி எழும் வினாக்களை முறைப்படுத்தி, உறுதியாகக் கூறத்தக்கதனையும் கருத்து வேறுபாட்டுக்கு இடனாயதனையும் பிரித்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சேரநாடும் கேரளமும் ஒன்றா?

இன்றைய கேரள மாநிலம் 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் அமைந்தது. 1949இல் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்த திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு நாடுகளும், சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த மலபார் மாவட்டமும், தென்கன்னட மாவட்டத்துக் காசர்கோடு வட்டமும் அதன் உறுப்புகளாயின. அந்நாளிலேயே திருவிதாங்கூரின் தென்பகுதியாகிய அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்திலேயே நின்றன. திருவிதாங்கூர் மன்னரின் பழைய அரண்மனையாகிய பத்மநாபபுரம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும் கேரள அரசின் பொறுப்பில் இருந்து வருவது இவ்வெல்லை வகுப்பின் விளைவேயாம்.

எனவே மாநில எல்லை மொழி பற்றி அண்மையில் வகுக்கப்பெற்றது. சேரநாட்டின் எல்லையோ அரசரின் ஆற்றலுக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் நின்றது. கொங்கு நாட்டின் பெரும்பகுதி பொறையர் மரபினர் ஆட்சியில் இருந்தது. கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையிலுள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, இரும்பொறை மரபினர் மூவரைத் தலைமுறை முறையில் குறிக்கின்றது. மறுபுறம், இன்றைய கேரளத்தின் வடக்கேயுள்ள ஏழில்மலை நன்னனுக்குரியதாகவும், தெற்கேயுள்ள பொதியில் சார்ந்த நிலம் ஆய் மரபினர்க்கு உரியதாகவும் பேசப்படுகின்றன. ஆகவே, கேரளம் முழுதும் எக்காலத்தும் சேரநாடாக இருந்ததில்லை. சேரநாடு முழுதும் இன்று கேரளமாகவும் இல்லை. இவ்வேறுபாட்டினை முதற்கண் மனத்திற் கொள்ளாத மாணவன் பின்வரும் வினாக்கள் அனைத்திலும் இடர்ப்படுவான்.

பெயரும் பழமையானதே. கி. மு. மூன்றாம் நூற்றாண்டினதாகிய அசோகர் கல்வெட்டு ‘கேரளபுத்திரர்’ என்று சேரரைக் குறிக்கின்றது. ஆதலின் கேரளம் என்பது பிற்காலத்தார் படைத்துக்கொண்ட பெயர் எனக் கூறுதல் பொருந்தாது.

2. நில அமைப்பு யாது?

கேரளம் ஏறத்தாழ 38,860 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. வடக்குத் தெற்காக நீண்டு, கிழக்கு மேற்காகக் குறுகியது. அகலம் மிக்க இடத்தும் ஏறத்தாழ 120 கிலோமீட்டரே. மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த மலைநாடு, சிறு குன்றுகளும் அவற்றிடைப் பள்ளத்தாக்குகளுமாய இடைநாடு, கடலும் காயலும் சார்ந்த கடற்கரை நிலம் என மூவகையாக அதனைப் பகுப்பர். இமயத்திற்குத் தெற்கே மிக உயர்ந்ததாகிய ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. அம்முடியினின்றும் கடற்கரை நூறு கிலோமீட்டர் அளவே சேய்மையது. மலையிற் பெய்த மழை சில நாழிகையிற் கடலை அடையும் நில அமைப்பு இது. 2018ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் நேர்ந்த பெருவெள்ளத்தின் கடுமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும்.

ஆறுகள் நாற்பத்து நான்கு என்பர். அவற்றுள் நாற்பத்தொன்று மேற்கு நோக்கி ஓடுகின்றன. 244 கிலோமீட்டர் நீளமுடைய பேரியாறே யாவற்றினும் நீளமானது. கிழக்கு நோக்கி ஓடுவன கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்றே. இம்மூன்றின் நீரும் இறுதியிற் காவிரியையே சேர்கின்றது. அவற்றுட் பாம்பாறு அமராவதியோடு கலக்கின்றது. அமராவதியே சங்க நூல்கள் கூறும் ஆன்பொருநை என்பது அறிஞர் பலர் கொள்கை. கரூர் அதன் கரையில் உள்ளது. சேரரை மலையின் இருபுறத்தும் ஆண்டவராகக் காணும்போது வியப்படையும் மாணவனுக்கு இவ்வாற்றுப் போக்கினை நிலப்படத்திற் காட்டுதல் நலம்.

மலைத்தொடரின் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாயில் அமைந்துள்ளது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்றும், வணிகச் சாத்தும், படையும், மொழியும் இவ்வாயில் வழியே சென்று வந்தன. முசிறியில் மிளகு ஏற்றிய யவனர் கலம், பதிற்றுப்பத்தில் அணிகலத்திற்குப் புகழ் பெற்ற கொடுமணம், கொங்கு நாட்டில் ஆங்காங்குக் கிடைத்த உரோமானியக் காசுப் புதையல்கள் ஆகிய மூன்றனையும் ஒரே கோட்டில் இணைப்பது இக்கணவாயேயாம். நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வில் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தொழிற்களமும் இரும்புருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. துறைமுகம் மேற்கேயும் தொழிற்களம் கிழக்கேயும் இருந்த ஓர் அரசு, இவ்வாயிலைத் தன் கையகத்தே வைத்திருக்க முயன்றது இயல்பே.

குட்டநாடு என்னும் பெயரும் ஈண்டு நோக்கத்தக்கது. குட்டம் என்பதற்கு ஆழம், குளம் என்னும் பொருள்கள் உண்டு. வேம்பநாட்டுக் காயலைச் சார்ந்த குட்டநாட்டில் கடல் மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தில், வரம்பு கட்டி நீரை இறைத்து நெல் விளைவிக்கின்றனர். இவ்வேளாண் முறையினை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக மரபுச் சிறப்புடையதென ஏற்றுக்கொண்டது. உரைமரபிற் கொடுந்தமிழ் நிலங்களாக வழங்கும் குட்டம், குடம், கற்கா, வேண், பூழி என்பவற்றுள், குட்டநாடு என்னும் பெயர் இன்றும் மக்கள் நாவில் வாழ்கின்றது. நூலிற் கண்ட ஒரு பெயரை அந்நிலத்து உழவர் வாயிற் கேட்பது எத்துணை மகிழ்ச்சி தரும் என்பது கேட்டவர்க்கே புலனாகும்.

3. கிழக்கு என்னும் சொல் எதனைக் காட்டுகின்றது?

தமிழகத்தின் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்தது. எனவே மேல் என்பதனடியாக மேற்கும், கீழ் என்பதனடியாகக் கிழக்கும் தோன்றின. திருக்குறளிற் கிழக்கு என்பது கீழ் என்னும் பொருளிலேயே வருதல் இதற்குச் சான்று. மலையாள நாட்டிலோ கிழக்கே வானளாவிய மலையும் மேற்கே தாழ்ந்த கடலும் உள்ளன. எனினும் அம்மொழியிலும் உயர்ந்த மலையிருக்கும் திசைக்குக் ‘கிழக்கு’ என்பதே பெயர். மேற்றிசையைப் ‘படிஞ்ஞாறு’ என்பர். அது படுஞாயிறு என்பதன் திரிபாகும்.

கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் இதனை எடுத்துக்காட்டி, மலையாளத்தார் மலைக்குக் கிழக்கேயிருந்து சென்று குடியேறியவர் என்பதற்கு இதனைச் சான்றாக்கினார். யானும் இதனை மறுக்கவொண்ணாச் சான்றாகவே பல்லாண்டு பாடம் சொல்லி வந்தேன். ஒரு முறை கன்னியாகுமரி மாவட்டத்து மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, சொல் சென்றது என்றால் ஆளும் சென்றார் என்றுதான் கொள்ள வேண்டுமா?” என்று வினவினார். அன்று யான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை.

அவ்வினாவை இப்பொழுது இவ்வாறு தெளியலாம். திசைப்பெயர் கிழக்குச் சரிவிலே தோன்றியது என்பது வலுவான முடிவு. அப்பெயரைக் கொண்ட ஒரே மொழி ஒரு காலத்தில் மலையின் இருபுறத்தும் வழங்கியது என்பதும் அதனாற் பெறப்படும். ஆனால் அது என்று சென்றது, மக்கட் கூட்டத்தோடு சென்றதா, ஆட்சி வணிகம் ஆகியவற்றின் வழியே முன்பே அங்கு வாழ்ந்தார் வாயிற் புகுந்ததா என்பனவற்றை அச்சொல் ஒன்றே கூறமாட்டாது. இன்று நாமும் புலவர் வழக்காகிய குணக்கு, குடக்கு என்பவற்றைப் பேச்சிற் கைவிட்டோம். அதனால் நாம் வேறு நாட்டினின்றும் வந்தேம் என எவரும் கூறார். ஒரு சொல்லின் மேல் அது தாங்கக்கூடிய பொறையையே ஏற்றுதல் வேண்டும்.

4. வஞ்சி எவ்விடத்தது?

இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் தமிழாராய்ச்சியில் பெரும்போர் விளைத்தது. ரா. இராகவையங்கார் ‘வஞ்சிமாநகர்’ என்னும் நூலில் கரூரே வஞ்சியென நிறுவ முயன்றார். கே. ஜி. சேஷையர் முதலாயினோர் கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களமே வஞ்சி என்றனர். பேரியாறு, கடற்றுறை ஆகியவற்றோடு இயைத்துக் கூறும் செய்திகள் பின்னவர்க்குத் துணையாயின. மேலை நாட்டு நிலநூலாசிரியர் தாலமி, சேரர் தலைநகரைக் ‘கரூரா’ எனக் கூறி உள்நாட்டு நகராகக் காட்டியமை முன்னவர்க்குத் துணையாயிற்று.

அப்புலவர் காலத்துக்குப் பின்னர்ப் புதைபொருட் சான்றுகள் பல வெளிப்பட்டன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ முதலிய பெயர் பொறித்த சேரர் காசுகள் கிடைத்தன. புகளூர்க் கல்வெட்டும் கரூர்க்கு அணித்தே உள்ளது. இவற்றாற் கரூர்க் கட்சி பெரிதும் வலுவடைந்தது. மேற்கே, வடக்குப் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரிற் கேரள வரலாற்று ஆராய்ச்சி மன்றத்தார் 2007 முதல் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் மிகுதியாக வெளிப்பட்டன. முசிறி அதுவேயாதல் கூடும் எனப் பலரும், இன்னும் உறுதி வேண்டும் எனச் சிலரும் கூறுகின்றனர். 1985இல் அச்சிடப்பெற்ற வியன்னா பாப்பிரசு ஏடு, கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறியினின்றும் சரக்கேற்றிச் சென்ற கலத்தின் பெயரையும் வணிக உடன்படிக்கையையும் கூறுகின்றது. அகநானூறு கூறும் பொன்னொடு வந்து மிளகொடு சென்ற கலத்திற்கு, வாங்கியவர் தம் கணக்கேட்டிலேயே சான்று கிடைத்தது போன்றது இது.

கிடைத்துள்ள சான்றுகளை ஒருங்கு நோக்கின், சங்க காலத்து வஞ்சி கரூர் எனக் கொள்வதற்கே மிகுதியான இடமுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கொடுங்கல்லூராகிய மகோதையில் இருந்து ஆண்ட சேரமான் பெருமாக்கள் காலத்தில் பழைய நகரப் பெயர் புதிய நகருக்கும் வழங்கியது எனின் முரண்பாடு பெரிதும் நீங்கும். நகர் மாறப் பெயர் உடன் செல்லுதல் நம் வரலாற்றிற் புதுமையன்று.

5. சேரர் மருமக்கள் தாயத்தினரா?

பதிற்றுப்பத்துப் பதிகங்கள் அரசனின் தாயையும் பெயர் சுட்டிக் கூறுகின்றன. பிற்காலக் கேரளத்தில் நாயர் முதலிய பல வகுப்பினரிடை மருமக்கள் தாயம் நிலவியது. இவ்விரண்டனையும் இயைத்து, சங்கச் சேரரும் அம்முறையினரே என நாவலர் சோமசுந்தர பாரதியார் ‘சேரர் தாயமுறை’ என்னும் நூலில் வாதிட்டார். அவர்தம் வாதம் நுண்ணியது. மாணவர் தவறாது கற்கத்தக்கது. ஆயினும் இரு தடைகள் உள. பதிகங்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது ஒன்று. புகளூர்க் கல்வெட்டு மூன்று தலைமுறையினையும் மகன், மகன் என்றே வெளிப்படையாகத் தொடுத்துச் செல்வது மற்றொன்று. அரசன் காலத்திலேயே கல்லிற் பொறித்த சான்றினைப் பிற்காலப் பதிகத்தினும் மேலாகக் கொள்ளுதலே முறை.

கேரள வரலாற்றறிஞர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, மருமக்கள் தாயம் பதினோராம் நூற்றாண்டை ஒட்டிச் சோழரோடு நிகழ்ந்த நெடும்போரின் விளைவாகப் பரவியது என்றார். அக்காரணத்தை ஏலாதாரும் அம்முறை வரலாற்றில் ஒரு கட்டத்தில் வளர்ந்தது என்பதனை ஏற்பர். தமிழ் பயில்வார்க்கு இது தொலைவான செய்தியும் அன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடை நிலவிய அம்முறையின் இடர்களையே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலில் நகையும் அவலமும் கலந்து பாடினார். கேரளத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மருமக்கள் தாயக் கூட்டுக்குடும்ப உரிமைகளை முடிவுறச் செய்தது.

6. மலையாளம் எப்பொழுது பிரிந்தது?

ஒரு நாளிற் பிரிந்ததென ஆண்டு குறிக்க இயலாது. சான்றுகளை வரிசைப்படுத்திக் காணுதலே செய்யத்தக்கது. கி. பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பெற்றது. அதன் மொழி தமிழ் மாணவனுக்குப் பெரும்பாலும் விளங்கும். அதில் அரபு, பாரசீகம், யூதம் ஆகிய எழுத்துகளில் அயல்நாட்டு வணிகர் சான்றொப்பம் இட்டுள்ளமை அக்காலத் துறைமுக வாழ்க்கைக்கு நேரிய சான்றாகும். பன்னிரண்டு பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘இராமசரிதம்’ தமிழெழுத்தமைதியும் எதுகை மோனையும் தழுவிய பாட்டு நூல். எனினும் அதன்கண் மலையாளக் கூறுகள் வெளிப்படை. பதினான்காம் நூற்றாண்டினதாகிய ‘லீலாதிலகம்’ வடமொழியில் இயன்ற மணிப்பிரவாள இலக்கணம். அது தன் மொழியினைப் பாண்டி சோழ நாட்டு வழக்கினின்றும் வேறாக உணர்ந்தே பேசுகின்றது. பதினாறாம் நூற்றாண்டில் எழுத்தச்சன் காலத்தில் தனி இலக்கிய மொழி நிலைபெற்று விட்டது.

இலக்கண வேறுபாடுகளுள் தலையாயன சிலவே. தேங்காய், கஞ்சி, வந்து என்பன தேங்ங, கஞ்ஞி, வந்நு என மெல்லினம் இரட்டித்து வருவது ஒன்று. அவன் வந்தான், அவள் வந்தாள் என்னும் ஈற்று வேறுபாடு கெட்டு, அவன் வந்நு, அவள் வந்நு என ஒரே முற்று யாண்டும் வழங்குவது மற்றொன்று. செய்யும் என்னும் முற்றுப் பலர்பாற் படர்க்கைக்கும் தன்மை முன்னிலைகட்கும் ஏலாது எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். மலையாளத்தில் ஞான் செய்யும், நீ செய்யும், அவர் செய்யும் என அவ்வரம்பு முழுவதும் நீங்கியது. விதி கூறப்பெற்ற ஓரிடத்தினின்றே இரு மொழிகளும் இரு வழியாகச் சென்றன என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

இவற்றைச் சிதைவு எனல் ஆகாது. பேச்சுத் தமிழும் தன் போக்கில் இத்துணை மாறியே உள்ளது. நாம் எழுத்து வழக்கோடு மலையாளப் பேச்சினை ஒப்பிட்டு, அதனைக் குறை கூறுகின்றோம். மேலும், நாம் நூலில் மட்டும் காண்பன சில அங்கு நாவில் வாழ்கின்றன. பறைதல் என்பது சொல்லுதல் என்னும் பொருளில் நமக்கு அகராதிச் சொல். அங்கு அது குழந்தை பேசும் சொல். குமரி மாவட்டத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் அதனை இன்றும் வழங்குவர். பண்டு என்பதும் அத்தகையதே. மொழிநூலார் பலர் இன்று, பழந்தமிழ் மலையாளப் பொதுநிலை ஒன்றினின்றும் இன்றைய தமிழும் இன்றைய மலையாளமும் வளர்ந்தன என்பர். அப்பொதுநிலையின் இலக்கியமே சங்க இலக்கியம் எனின், அது இருவர்க்கும் உரிய முதுசொம் ஆகின்றது. 2013இல் மலையாளம் செம்மொழியாக ஏற்கப்பெற்றபோது நம்மவர் சிலர் வருந்தினர். பங்காளி தன் பங்கினைக் கேட்டதற்கு வருந்துவது போன்றதே அது.

7. அன்றாட வாழ்க்கை எத்தகையது?

தமிழ்நாட்டிலிருந்து செல்வார் கண்ணில் முதலிற் படுவது ஊர் என ஒன்று தனித்துத் தோன்றாமையே. நம் நாட்டில் ஏரியையும் கோயிலையும் சூழ வீடுகள் நெருங்கியிருக்கும்; அவற்றுக்கப்பால் வயல் பரந்திருக்கும். கேரளத்திலோ ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்தின் நடுவே தனித்து நிற்கும். அத்தோட்டத்தினைப் புரையிடம் அல்லது பறம்பு என்பர். தென்னை, கமுகு, பலா, அவற்றின் மேற் படரும் மிளகுக் கொடி, ஒரு கிணறு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நாட்டில் வீட்டுக்கொரு கிணறு எளிது. நீர்நிலையைச் சுற்றிக் கூடி வாழும் தேவை இல்லை. குடியிருப்பு முறைக்கு மழையே முதற்காரணம் என்பதனை இவ்வொப்பீடு காட்டும்.

உழவர் காலக்கணக்கும் அறியத்தக்கது. ஞாயிறு ஒவ்வொரு நாண்மீனிலும் நிற்கும் பதின்மூன்று பதினான்கு நாட்களை ஒரு ‘ஞாற்றுவேல’ என்பர். அது ஞாயிற்று வேளை என்பதேயாம். ஆண்டில் இருபத்தேழு ஞாற்றுவேலகள் உண்டு. சூன் திங்களின் பிற்பகுதியில் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலயிற் சாரல் இடைவிடாது பெய்யும். மிளகுக் கொடி நடுவதற்கு அதுவே பருவம். பறங்கியர் மிளகுக் கொடியினைக் கொண்டு செல்கின்றனர் என்று கேட்ட கோழிக்கோட்டு அரசர், கொடியினைக் கொண்டு செல்லலாம், திருவாதிரை ஞாற்றுவேலயைக் கொண்டு செல்ல இயலுமோ என்றார் என ஒரு கதை அங்கு வழங்குகின்றது.

கொல்லம் ஆண்டு கி. பி. 825இற் தொடங்குவது. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டின் கி. பி. ஆண்டு கிடைக்கும். நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் உள்ள கல்வெட்டுகள் பல இவ்வாண்டினையே குறிப்பன. ஆகலின், இது தமிழாராய்வாளர்க்கும் இன்றியமையாத கணக்கு. நம் திங்கட் பெயர்கள் நாண்மீன் பற்றியன. அவர்தம் பெயர்கள் மேடம், இடவம், சிங்ஙம் என ஓரை பற்றியன.

சிங்ஙத் திங்களில் வரும் ஓணம் அந்நாட்டின் பெருவிழா. ஓண நாள் விழா மதுரையிற் கொண்டாடப்பட்டமையை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. ஆனால் அங்கு விழா மாயோனுக்குரியது. மாவலி மன்னன் ஆண்டுக்கொருமுறை தன் குடிகளைக் காண வருதல் என்னும் கதை அங்கு இல்லை. நாள் ஒன்றாயினும் விழாவின் பொருள் காலத்தால் வேறுபட்டுள்ளது. ஒற்றுமையை மட்டும் காட்டி வேற்றுமையை மறைத்தல் ஆராய்ச்சியாகாது.

உணவிற் சிவந்த புழுங்கலரிசியும் மீனும் தேங்காயும் முதன்மையானவை. அமெரிக்க நாட்டினின்றும் வந்த மரவள்ளிக் கிழங்கைக் ‘கப்ப’ என்பர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகந் திருநாள் மன்னர் அதனைப் பரப்ப முயன்றார். 1942இற் பருமாவினின்றும் அரிசி வருதல் நின்றபோது ஏழை மக்களின் உயிரைக் காத்தது அக்கிழங்கே. 1970களின் இடையில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெல் நிலம் பின்னர் 2 இலட்சம் ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. அந்நாட்டார் உண்ணும் அரிசியிற் பெரும்பகுதி வெளி மாநிலங்களினின்றும் செல்கின்றது. நீரும் இவ்வாறே எல்லை கடக்கின்றது. 1895இற் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப்பெரியாற்று அணை கேரளத்தில் உள்ளது. அதன் நீர் வையை நிலத்தினை விளைவிக்கின்றது. இது பற்றிய வழக்குகள் யாவரும் அறிந்தனவே.

சமுதாய மாற்றத்திலும் இரு நாடுகளும் கைகோத்தே சென்றன. 1924, 1925இல் நிகழ்ந்த வைக்கம் அறப்போரில் ஈ. வெ. ரா. பெரியார் சிறை சென்றார். 1936இற் கோயில் நுழைவு உரிமை திருவிதாங்கூரில் அறிவிக்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 3.34 கோடி; எழுத்தறிந்தார் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர்; ஆயிரம் ஆடவர்க்கு 1,084 மகளிர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சேரநாடும் கேரளமும் முற்றும் ஒன்றல்ல என்பதும், முற்றும் வேறல்ல என்பதும், இவ்விரண்டற்கும் இடையேயுள்ள தொடர்பு இடந்தோறும் காலந்தோறும் தனித்தனியே ஆராயத்தக்கது என்பதும் விளங்கும். கன்னியாகுமரி மாணவர் எழுப்பிய வினாவிற்குப் பின்னரே யான் மலையாள எழுத்தினைக் கற்கத் தொடங்கினேன். தமிழறிந்தார்க்கு அது சில திங்கட் பணியே. வட்டெழுத்தும் அவ்வாறே. பதிற்றுப்பத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விழையும் மாணவர், கரூர்க் காசினையும் குட்டநாட்டு வயலினையும் ஒருங்கே கண்டு, மலையாள அறிஞர் எழுதியவற்றை அவர்தம் மொழியிலேயே கற்றல் வேண்டும். தமிழ்த் துறைகள் அதற்கு வழி செய்தல் வேண்டும். பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் நமக்குக் கிடைத்தில. எஞ்சிய எட்டினையாவது மலையின் ஒரு புறத்தினின்று மட்டும் படியாதிருத்தல் நம் கடனாகும்.